கால்டுவெல் யார் வீட்டுப் பெயர்?

நாசரேத், சாயர்புரம், இடையன்குடி பக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று "ஏ கால்டுவெல்லு..." என்று ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள். யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவராக இருக்கலாம், பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம், பலசரக்குக் கடை அண்ணாச்சியாகவும் இருக்கலாம். அவருக்கும் அயர்லாந்துக்கும் ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அவருடைய தாத்தா பெயர் பெரும்பாலும் வேதமாணிக்கம், ஞானமுத்து, பொன்னையா என்று இருக்கும்.

கல்லூரியில் இப்படிப் பெயர் உள்ள ஒருத்தன் வந்து சேர்ந்தால் முதல் வாரமே கிண்டல் ஆரம்பித்துவிடும். "என்னலே வெள்ளைக்காரன் பேரு வச்சிருக்க?" என்பார்கள். கேட்கிறவன் பெயர் ரமேஷ் அல்லது சுரேஷ் என்று இருக்கும், அது வேறு கதை. ஆனால் இந்தக் கிண்டலுக்குள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி இருக்கிறது. கால்டுவெல் என்பது யாருடைய பெயர்? அது எங்கே முளைத்தது, எப்படி நெல்லைச் சீமைக்கு வந்தது? வந்த இடத்தில் அது ஏன் குடும்பப் பெயராக இல்லாமல், பிள்ளைக்கு வைக்கிற பெயராக மாறிப்போனது?

இதைத் தேடிப் போனால், இன்று பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் வேலை விண்ணப்பத்திலும் நம்மை முழிக்க வைக்கும் 'சர்நேம்' என்ற கட்டத்துக்கு என்ன எழுதுவது என்பதற்கும் ஒரு பதில் கிடைக்கிறது. 

குளிர்ந்த ஊற்று

முதலில் சொல்லின் அர்த்தம். 'கால்ட்' என்பது நாம் ஆங்கிலத்தில் சொல்லும் 'கோல்டு'தான், வடக்கத்திய பழைய உச்சரிப்பு. 'வெல்' என்றால் ஊற்று, கிணறு. ஆக, கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் இந்தப் பெயரில் ஊர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் ரென்ஃப்ரூஷையர் பகுதியில் கால்டுவெல் என்றே ஒரு நிலப்பகுதி இருந்தது. அந்த நிலத்துக்காரர்களும் அங்கிருந்து வெளியே போனவர்களும் 'கால்டுவெல்காரர்' என்று அழைக்கப்பட்டு, அந்த அடையாளமே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. நம்மூரில் 'கடையத்தார்', 'ஆழ்வார்குறிச்சியார்' என்று சொல்வோமே, அந்த மாதிரி. நம்மூரில் அது ஒரு தலைமுறையோடு போய்விடும். அங்கே ஒட்டிக்கொண்டது.

ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு இந்தப் பெயர் போனது குடியேற்றத்தோடு. 1610 வாக்கில் இங்கிலாந்து அரசு அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் உள்ளூர்க்காரர்களின் நிலத்தைப் பறித்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக்காரர்களைக் குடியமர்த்தியது. அந்தக் கூட்டத்தில் கால்டுவெல்கள் பலர் இருந்தார்கள். பெர்மனா மாவட்டத்தில் ஒரு கால்டுவெல் குடும்பம் பெரிய ஜமீன் போலவே வாழ்ந்தது. அவர்கள் மாளிகைக்கே காஸ்டில் கால்டுவெல் என்று பெயர். இதே பெயரோடு ஏழை விவசாயிகளும் கூலிக்காரர்களும் அதே அல்ஸ்டரில் இருந்தார்கள்.

இதுவரை சாதாரணக் கதைதான். இனிமேல்தான் சுவாரஸ்யம்.

ஓ, மாக், பேரன்

அயர்லாந்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. ஐரோப்பாவிலேயே பரம்பரைக் குடும்பப் பெயர்கள் மிக முன்னதாகத் தோன்றிய இடங்களில் அவர்கள் நாடு ஒன்று. 916-ல் இறந்த ஒரு சிற்றரசரின் பெயரில் வரும் 'ஓ கிளேரி' என்பதைத்தான் பரவலாக மிகப் பழைய சான்றாகக் காட்டுவார்கள். அவர்கள் முறை எளிமையானது. 'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஓ'பிரையன் என்றால் பிரையனின் பேரன்மார். பெண் பிள்ளைக்கு 'ஓ' வராது, 'நீ' என்று வேறு முன்னொட்டு வரும். ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்ததும் அந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போனது.

தமிழ் தெரிந்தவனுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். நம் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே? தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். நெல்லைப் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு, மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதே என்று மருமகள் அவனை 'ராசா', 'ஐயா' என்று கூப்பிட்ட வீடுகள் எத்தனை! அயர்லாந்தில் பேரன் என்ற சொல் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இங்கே பெயர் என்ற சொல்லிலிருந்தே பேரன் பிறந்தான்.

'மாக்', 'மகன்' என்று ஒலி ஒத்துப்போகிறதே, அயர்லாந்துக்காரன் தமிழன்தான் என்று உடனே ஒரு மின்னஞ்சல் தட்டிவிடாதீர்கள் :-) ஒரு சொல் ஒத்துப்போவது உறவு ஆகாது. மொழிகளின் உறவை அறிய இலக்கணத்தின் எலும்புக்கூட்டை ஒப்பிட வேண்டும் என்பதைத்தான் கால்டுவெல் என்ற மனிதர் ஒரு தடித்த புத்தகம் முழுக்கச் செய்து காட்டினார். அவரிடம் பிறகு வருவோம்.

அயர்லாந்துப் பெயர்களுக்கு ஆபத்து சட்டமாக வந்தது. 1465-ல் ஆங்கிலேய ஆட்சி, டப்ளின், மீத், கில்டேர் போன்ற தன் கைக்குள் இருந்த பகுதிகளில் வாழ்ந்த அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. ஊர்ப் பெயராக இருக்கலாம், நிறத்தின் பெயராக இருக்கலாம், தொழிலின் பெயராகவோ பதவியின் பெயராகவோ இருக்கலாம் என்று பட்டியலும் தந்தது. சட்டத்துக்குப் பயந்து மாறியவர்கள் கொஞ்சம். பிற்பாடு நீதிமன்றம், பத்திரப் பதிவு, வேலை என்று எல்லாமே ஆங்கிலத்தில் ஆனபோது பிழைப்புக்காக மாறியவர்கள்தான் அதிகம். 'ஓ', 'மாக்' எல்லாம் உதிர்ந்தன. சிலர் பெயரை மொழிபெயர்த்தே விட்டார்கள். கொல்லன் மகன் என்று பொருள்படும் மெக்கவன் பல இடங்களில் 'ஸ்மித்' ஆனது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மொழி இயக்கம் எழுந்த பிறகுதான் பலர் உதிர்ந்த 'ஓ'வை மறுபடி ஒட்டிக்கொண்டார்கள்.

இந்த மொழிபெயர்ப்புக் கூத்தில்தான் நம் கால்டுவெல் இரண்டாவது முறை பிறக்கிறது. அல்ஸ்டரில் ஹூரிஸ்கி, ஹோரிஷ் என்று உள்ளூர்ப் பெயர் கொண்ட பழைய ஐரிஷ் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பெயரின் ஓசையில் குளிர் என்ற சொல்லும், 'இஷ்கே' என்ற சொல்லும் கேட்பது போல இருந்தது. இஷ்கே என்றால் தண்ணீர் (விஸ்கி என்ற சொல்லுக்கும் அதுதான் மூலம், பையன்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம்). குளிர்ந்த தண்ணீர் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, ஆங்கிலத்தில் கால்டுவெல் என்று எழுதிவிட்டார்கள். சிலர் 'வாட்டர்ஸ்' என்று எழுதினார்கள். உண்மையான வேர்ச்சொல் அதுதானா என்பது அப்போது யாருக்கும் முக்கியமில்லை.

ஆக, பறிக்கப்பட்ட நிலத்தில் குடியேறினவனும் கால்டுவெல், நிலத்தைப் பறிகொடுத்தவனும் கால்டுவெல். இரண்டு நூறு வருஷம் கழித்துப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யார் எந்த வழி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. 'உங்கள் குடும்பப் பெயரின் வரலாறும் குலச் சின்னமும்' என்று சட்டம் போட்ட படம் விற்கும் வியாபாரம் மேல்நாடுகளில் பெரிதாக நடக்கிறது. அந்தக் குலச் சின்னம் என்றைக்கோ ஒரு தனி மனிதருக்கோ அவர் வாரிசுக்கோ தரப்பட்டது. அதே பெயர் உள்ள எல்லோருக்கும் அதை விற்பது, டவுணில் உள்ள எல்லா நெல்லையப்பனுக்கும் ஒரே பட்டாவை நகல் எடுத்து விற்பது மாதிரி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த தண்ணீர் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? தண்மை உள்ள நீர், தண்ணீர். தாமிரபரணியைப் பழைய புலவர்கள் தண்பொருநை என்றுதான் பாடினார்கள். அந்த ஆற்றின் சீமைக்கு, எங்கேயோ ஒரு குளிர்ந்த ஊற்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் வந்து சேர்ந்தது வெறும் தற்செயல்தான். ஆனாலும் நன்றாக இருக்கிறது.

இடையன்குடிக்கு வந்த பெயர்

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-ல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்ற ஊரில் பிறந்தார். அப்பா அம்மா ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதி இல்லாத எளிய குடும்பம். அவருக்குப் பத்து வயது ஆகும்போது குடும்பம் கிளாஸ்கோவுக்கே திரும்பிவிட்டது. அதனால் அயர்லாந்தும் அவரைச் சொந்தம் கொண்டாடும், ஸ்காட்லாந்தும் கொண்டாடும். 1838 ஜனவரியில் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். 1841-ல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகப் பெரும்பகுதி நடந்தே வந்து, திசையன்விளைப் பக்கம் தேரி மணலுக்கு நடுவே இருக்கும் இடையன்குடிக்குச் சேர்ந்தார். 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இடையன்குடிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவரே முன்னின்று கட்டி 1880-ல் முடித்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். கணக்குப் பார்த்தால் ஐம்பது வருஷம்.

அந்த ஐம்பது வருஷத்தில் அவர் செய்ததைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். 1856-ல் வெளிவந்த 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்'. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை விரிவாக நிறுவிய நூல். இதை முதலில் சொன்னவர் அவர் இல்லை. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே சொல்லிவிட்டார். ஆனால் ஊர் உலகம் ஏற்கும்படி இலக்கணத்தை வரிசையாக அடுக்கிக் காட்டியவர் கால்டுவெல். 1881-ல் திருநெல்வேலி மாவட்டத்துக்கு ஒரு வரலாறும் எழுதினார்.

ஊர்க்காரர்கள் அவரை எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'கால்டுவெல் ஐயர்'. அந்தக் காலத்தில் மிஷனரிகளுக்கு ஐயர் என்பது மரியாதைச் சொல், தந்தை, பெரியவர் என்ற பொருளில். போப்பையர் என்றும் சொல்வார்கள். ராஜவல்லிபுரத்துக்காரரான ரா. பி. சேதுப்பிள்ளை அவர் வாழ்க்கையை எழுதியபோதும் 'கால்டுவெல் ஐயர் சரிதம்' என்றுதான் தலைப்பு வைத்தார். ராபர்ட் என்ற சொந்தப் பெயரை யாரும் பொருட்படுத்தவில்லை. குடும்பப் பெயர் எது, தன் பெயர் எது என்ற வித்தியாசமே நம்மூருக்குத் தெரியாது. ஒரு ஆள், ஒரு பெயர். அவர் பெயர் கால்டுவெல். அவ்வளவுதான்.

அதனால்தான் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க முடிந்தது. நன்றிக்காக வைத்தார்கள், படிப்பு வரட்டும் என்று வைத்தார்கள், ஞானஸ்நானத்துக்கு நல்ல பெயராக வேண்டும் என்றும் வைத்தார்கள். தேவையானால் 'கால்டுவேல்' என்று கடைசியில் ஒரு வேலையும் சேர்த்துக்கொண்டார்கள்!

கால்டுவெல் மட்டும் இப்படி இல்லை. சாயர்புரம் என்ற ஊரின் பெயரில் இருப்பது சாயர் என்ற ஒரு வணிகரின் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் சாயர் என்றால் மரம் அறுப்பவர். டவுணில் சாப்டர் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! சாப்டர் என்பது சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு மிஷனரிக் குடும்பத்தின் பெயர். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் வரும் தக்கர் என்றால், நெய்த கம்பளியை மிதித்துத் திண்ணமாக்கும் தொழிலாளி. அந்த சாராள் தக்கர் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மரம் அறுக்கிறவன், துணி மிதிக்கிறவன், கிணற்றடிக்காரன் என்ற மேல்நாட்டு உழைப்பாளிப் பெயர்கள் எல்லாம் தாமிரபரணிக் கரையில் ஊராகவும் பள்ளியாகவும் கல்லூரியாகவும் ஆகிவிட்டன.

அடிமைப் பெயரா?

"ஆயிரம் சொன்னாலும் ஆண்டவன் மொழியில் பெயர் வைப்பது அடிமைத்தனம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாது.

கால்டுவெல் ஒன்றும் குறையில்லாத மனிதர் அல்ல. 1849-ல் அவர் எழுதிய ஒரு சிறு நூலில், தாம் வேலை செய்த பகுதியின் நாடார் சமூகத்தைத் தாழ்வாகச் சித்தரித்தார். அந்தச் சமூகத்தில் படித்தவர்கள் உருவானதும் அதைப் படித்துக் கொதித்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, மனுக்கள் போயின. அதே சமூகத்தின் வீடுகளில்தான் கால்டுவெல் என்ற பெயரும் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டது. இதை முரண்பாடு என்று சிரிக்கலாம். ஆனால் அடிமைகள் மனுப் போட மாட்டார்கள். தப்பாக எழுதியதைத் தப்பு என்று சொல்லவும், பள்ளிக்கூடம் கட்டியதற்கு நன்றி சொல்லவும் ஒரே ஊருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு, வெள்ளைக்காரன் என்பதற்காக எல்லாப் பெயரையும் இந்த ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு அயர்லாந்துக்காரரைப் பாருங்கள். திருநெல்வேலி கலெக்டராக இருந்த ராபர்ட் வில்லியம் ஆஷ். சுதேசிக் கப்பல் கம்பெனியையும் வ.உ.சி.யையும் ஒடுக்கியவர் என்ற கோபத்துக்கு ஆளானவர். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்றார். இன்று அந்த நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். நெல்லையில் பிள்ளைக்கு ஆஷ் என்று யார் பெயர் வைப்பார்கள்?

இதே ஆஷ் என்ற பெயர் அயர்லாந்தில் என்ன நிலையில் இருக்கிறது தெரியுமா? அங்கே அது ஒரு தியாகியின் பெயர். கெர்ரியைச் சேர்ந்த தாமஸ் ஆஷ் ஒரு பள்ளி ஆசிரியர். 1916-ல் ஆங்கிலேயருக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர். சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டு 1917 செப்டம்பர் 25-ல் இறந்தார். ஒரே குடும்பப் பெயர், ஆறு வருஷ இடைவெளி. ஒருவர் சாம்ராஜ்யத்தின் கலெக்டராகச் செத்தார், இன்னொருவர் அதே சாம்ராஜ்யத்தின் கைதியாகச் செத்தார். குடும்பப் பெயரில் குணம் இறங்கி வரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆஷையும் எந்தப் பக்கத்தில் பற்று எழுதுவார்கள்?

நற்பெயர்க் கணக்கு

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதை அவர்கள் பாஷையிலேயே சொல்லலாம். கணக்குப் பதிவியல் புத்தகத்தில் 'குட்வில்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர்? நற்பெயர். கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத சொத்து. அதில் ஒரு விதி உண்டு. ஒரு நிறுவனம் தானாகவே உண்டாக்கிக்கொண்ட நற்பெயரைத் தன் ஏட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. கணக்கியல் தரநிலை 26 அதைத்தான் சொல்கிறது. 'எங்கள் கடைக்கு ஊரில் நல்ல பேரு' என்று முதலாளி சொன்னால் அது பதிவாகாது. வெளியாள் ஒருவர் வந்து, அந்த நல்ல பேருக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால்தான் ஏட்டில் ஏறும்.

குடும்பப் பெயருக்கும் இதே விதியைப் போட்டுப் பாருங்கள். 'நாங்க இன்னார் வம்சம்' என்று வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொள்வது தானே உண்டாக்கிய நற்பெயர். அது செல்லாது. ரத்த சம்பந்தம் இல்லாத ஒருத்தர் அந்தப் பெயரை விரும்பி எடுத்துத் தன் பிள்ளைக்கு வைக்கிறாரே, அங்கேதான் மதிப்பு பதிவாகிறது. பெர்மனாவின் மாளிகைக் கால்டுவெல்களை உலகம் மறந்துவிட்டது. கிளாடியில் பிறந்த ஏழை வீட்டுக் கால்டுவெல்லுக்கு 1968-ல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தார்கள், 2010-ல் தபால் தலை வெளியிட்டார்கள். அதைவிடப் பெரிய கௌரவம் தேரிக்காட்டில் ஓடி விளையாடுகிற ஒரு சின்னக் கால்டுவெல்தான்.

அவர் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894-ல் புத்தகமாக்கியவர் யார் என்று பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. தொகுத்தவர் மருமகன் வயட். குடும்பப் பெயர் வேறு. மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட் அவர்களின் மகள். இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதும், பூவேலை லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்க வழி காட்டியதும் அவர். 1844-ல் கல்யாணம் ஆனதோடு மால்ட் என்ற பெயர் மறைந்து அவரும் 'கால்டுவெல்' ஆகிவிட்டார். பரம்பரைக் குடும்பப் பெயர் என்பது பெண்ணின் பங்கைச் சத்தமில்லாமல் அழிக்கும் ரப்பர் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

சர்நேம் கட்டம்

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். பாஸ்போர்ட், விசா, சாஃப்ட்வேர் கம்பெனி விண்ணப்பம் எல்லாவற்றிலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். சிவப்பு நட்சத்திரம் வேறு, கட்டாயம் நிரப்பணும். நெல்லையப்பனும் காந்திமதியும் இசக்கியம்மாளும் அதில் என்ன எழுதுவார்கள்? அமெரிக்க விசாவில் முதல் பெயர் இல்லாதவர்களுக்கு 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக 'எஃப்.என்.யூ' என்று அச்சடித்து விடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை வீட்டில் என்னென்ன குழப்பமோ.

இந்தக் குழப்பத்தில் ஒரு சுலபமான வழி சொல்லப்படுகிறது. "சாதிப் பட்டத்தை சர்நேமா போட்ரு. வடக்கே எல்லாம் அப்படித்தானே? பார்க்கவும் கெத்தா இருக்கும்." சமூக வலைத்தளத்தில் பெயருக்குப் பின்னால் ஏற்கெனவே பலர் போட்டுக்கொண்டும் விட்டார்கள். இந்தக் கட்டுரை இத்தனை தூரம் சுற்றி வந்தது இதற்காகத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தமிழனுக்குப் பெயர் எழுத ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் மிகப் பழைய முறை. சங்கப் புலவர் ஒருவரின் முழுப் பெயர் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்'. ஊர், அப்பா, சொந்தப் பெயர். சுருக்கினால் ம. க. நக்கீரன், இன்றைக்கு ஹால் டிக்கெட்டில் வருகிற அதே வடிவம். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலம்தான். சொ என்றால் அப்பா சொக்கலிங்கம். ஒரு தலைமுறைக்கு ஒரு இனிஷியல். அப்பாவைச் சொல்லும், நூறு வருஷத்துக்கு முந்தைய யாரையோ இழுத்துக்கொண்டு வராது. அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொள்ள இதில் இடம் உண்டு.

நடுவே பட்டங்கள் வாலாக ஒட்டிக்கொண்டிருந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கப்புறம் படிப்படியாகப் பொது வாழ்வில் அந்த வால் அறுந்தது. சாதி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் ஒரு வருகைப் பதிவேட்டை எடுத்துப் படித்தால் யார் எந்தச் சாதி என்று தெரியாத நிலை இங்கே வந்தது. இந்தியாவில் வேறு பல இடங்களில் இன்னும் வராத நிலை அது. அதை ஒரு விண்ணப்பப் படிவத்துக்காக விற்கலாமா?

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். கைதானவர்களில் கூடப் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதிச் சொல் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கையில் கட்டுகிற கயிற்றையாவது கத்தரிக்கோல் வைத்து வெட்டிவிடலாம். பாஸ்போர்ட்டில் அச்சடித்த பட்டத்தை எதை வைத்து வெட்டுவது? உங்கள் பிள்ளைக்கும் அதுவே சர்நேம், அவன் பிள்ளைக்கும் அதுவே. 1465-ல் ஆரம்பித்த கட்டாயத்தில் எழுதிய பெயர்கள் அயர்லாந்தில் இன்றும் அழியவில்லை. படிவத்தில் எழுதுகிறபோது ஐந்து நிமிஷம், சுமக்கிறது ஐந்நூறு வருஷம்.

அப்படியானால் கட்டத்தில் என்ன எழுதுவது? இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ எழுதுங்கள். "பொண்டாட்டி பிள்ளைகளுக்கு எல்லாம் வேற வேற சர்நேம் வருமே?" என்றால், வரட்டுமே! ஐஸ்லாந்து நாட்டில் பெரும்பாலோருக்கு இன்றும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்து எழுதுகிறார்கள். டெலிபோன் டைரக்டரியையே சொந்தப் பெயரின் அகர வரிசையில்தான் போட்டார்கள். அவர்கள் விமானம் ஏறாமல் இருக்கிறார்களா? படிவம் மனிதனுக்குத் தக்கபடி மாற வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமைதான். மாறும் வரைக்கும் அப்பா பெயர் போதும்.

கிண்டல் பண்ணுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கால்டுவெல் என்று பெயர் உள்ளவனிடம் 'வெள்ளைக்காரன் பேரா' என்று இனிமேல் கேட்காதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டு அவன் சாதியைக் கண்டுபிடிக்க முயல்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கணக்கும் வேண்டாம். ஒரு குளிர்ந்த ஊற்றின் பெயர் ஸ்காட்லாந்தில் நிலமாகி, அயர்லாந்தில் குடும்பமாகி, இடையன்குடியில் ஒரு மனிதராகி, கடைசியில் அவன் ஒருத்தனுக்கு மட்டும் சொந்தமான பெயராக வந்து நிற்கிறது. அவன் இனிஷியல் அவன் அப்பாவுடையது. வேறு எதுவும் தேவையில்லை.